.470 டபுள் ரைபிளில் ரீலோட் சோதனை: வலக்குழல் வலப்பக்கம், இடக்குழல் இடப்பக்கம் போகிறது

#1 ஏழுபள்ளம்

துப்பாக்கி: .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் டபுள் (இரட்டைக்குழல்), 1920களின் பர்மிங்காம் பாக்ஸ்லாக், 26 அங்குலக் குழல், இரண்டு டிரிகர்.
தோட்டா: நானே நிரப்பியது (ரீலோட்). 500 கிரெய்ன் உட்லீ சாஃப்ட் (மென்முனைக் குண்டு), ஃபெடரல் 215 பிரைமர் (மருந்தைப் பற்றவைப்பது), ஐஎம்ஆர் 4831 பவுடர். மருந்து மேனுவல் சொல்லும் கீழ் எல்லையில்.

50 கெஜத்தில் எட்டுக் குண்டு. குறியிலிருந்து பக்கவாட்டில் செ.மீ. கணக்கு (வலம் +, இடம் −):

வலக்குழல்: +4, +5, +3, +6
இடக்குழல்: −5, −3, −6, −4

உயரம் எல்லாமே குறிக்கு மேலே 2 முதல் 5 வரை. வேகம் சராசரி வினாடிக்கு 2,000 அடி. மொத்த அகலம் 12 செ.மீ. இந்தப் பவுடர் இந்தத் துப்பாக்கிக்கு ஒத்துவரவில்லை என்று எடுத்துக்கொண்டு ரீலோடர் 15-க்கு மாறலாமா?

#2 தராசுத்தட்டு

மாறாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது ஒரு குரூப் (துளைக் கூட்டம்) அல்ல, இரண்டு குரூப். தனித்தனியாகப் பாருங்கள்: வலக்குழலின் சராசரி +4.5, பரவல் 3 செ.மீ. இடக்குழலின் சராசரி −4.5, அதன் பரவலும் 3 செ.மீ. திறந்த பார்வைக் குறியோடு இது நல்ல சூடு. பவுடர், பிரைமர், குண்டு மூன்றும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. பாக்கி இருப்பது இரண்டு மையங்களுக்கும் நடுவே உள்ள அந்த 9 செ.மீ.தான். டபுளில் ரீலோட் சோதனை என்பதே அந்த இடைவெளியைச் சரிசெய்வது. 12 செ.மீ. என்ற மொத்த எண்ணை அடித்துவிடுங்கள், அது எதையும் சொல்லாது.

காரணம் இது. இரு குழலும் இணைகோடுகளாகப் பற்றவைக்கப்படுவதில்லை. வாய்ப்பக்கம் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கும். வலக்குழல் சுடும்போது உதைப்பு துப்பாக்கியின் எடைமையத்துக்கு வலப்புறமாக விழுகிறது, அதனால் வாய் வலப்பக்கமாகவும் மேலேயும் திரும்புகிறது. குண்டு குழலுக்குள் இருக்கும் ஒன்றரை முதல் இரண்டு மில்லி வினாடியிலேயே இந்தத் திருப்பம் தொடங்கிவிடும். அது எவ்வளவு என்று கணித்துத்தான் ரெகுலேட்டர் (இரு குழலும் ஒரே இடத்தில் அடிக்கும்படி பொருத்துபவர்) குழலை எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார். இடக்குழலுக்கு இதே கதை தலைகீழாக.

குண்டு மெதுவாகப் போனால் குழலுக்குள் அதிக நேரம் இருக்கிறது, வாய் அதற்குள் கூடுதலாகத் திரும்பிவிடுகிறது. வலம் வலத்திலும் இடம் இடத்திலும் விழும். உங்கள் அட்டை அப்படித்தான். வேகம் கூடினால் இரண்டும் நெருங்கும். மேலும் கூட்டினால் குறுக்கிட்டு வலக்குழல் இடப்பக்கம் அடிக்கும். மெதுவான தோட்டா பெரும்பாலும் உயரமாகவும் அடிக்கும். உங்களுக்கு எட்டுமே மேலே இருப்பது அதோடு பொருந்துகிறது.

இன்னொன்று, மையங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும் என்று துரத்த வேண்டாம். வாயில் இரு துளைகளின் மையத்துக்கு மையம் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள், ஏறக்குறைய ஒரு அங்குலம், 2.5 செ.மீ. வரும். 50 கெஜத்திலும் வலக்குழலின் மையம் இடக்குழலின் மையத்துக்கு அதே 2.5 செ.மீ. வலப்பக்கம் இருந்தால் இரண்டும் இணையாகப் போகின்றன, எந்தத் தூரத்திலும் குறுக்கிடாது. ஆக நீங்கள் குறைக்க வேண்டியது 6.5 செ.மீ. மட்டும்.

#3 மணிப்பார்வை

தராசுத்தட்டு சொல்வது சரிதான், ஆனால் நடைமுறையில் 2.5-க்கும் 0-வுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. 50 கெஜத்தில் மையங்கள் சரியாக ஒன்றினால், 100 கெஜத்தில் ஒரு அங்குலம் குறுக்கிட்டிருக்கும். எருமைக்கு ஒரு அங்குலம் என்ன செய்யும்? அகலமாகப் பிரிவதுதான் மோசம். இவருடைய அட்டையில் 50 கெஜத்தில் 9 செ.மீ. என்றால் 100-ல் பதினைந்தரை. அங்கேதான் காயப்பட்ட விலங்கு புதருக்குள் போகும்.

#4 ஏழுபள்ளம்

புரிந்தது. அப்படியானால் எந்த வேகத்துக்குப் போக வேண்டும்? பழைய கேடலாக்கில் .470-க்கு 2,150 என்று இருக்கிறது.

#5 தராசுத்தட்டு

அந்த 2,150 நீண்ட சோதனைக் குழலில் அளந்தது. 26 அங்குலத்தில் அந்தக் காலத்துக் கார்டைட் (பழைய குச்சி மருந்து) தோட்டாவே அதைவிடக் குறைவாகத்தான் போயிருக்கும். எனவே 2,150-ஐ இலக்காக வைக்காதீர்கள். இலக்கு அட்டையில் இருக்கிறது. குரோனோகிராஃப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லும், எங்கே நிற்க வேண்டும் என்பதைத் துப்பாக்கிதான் சொல்லும்.

குழலைக் கழற்றி அடிப்பக்கத் தட்டையைப் பாருங்கள். கார்டைட் 75, குண்டு 500 என்ற மாதிரி முத்திரை இருக்கும். அது உரிய மருந்து எடையும் குண்டு எடையும். கார்டைட் எடையை வேறு பவுடருக்குச் சும்மா மாற்றிப் போடக்கூடாது. அது எந்தக் குண்டு எடைக்கு ரெகுலேட் ஆனது என்று தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து எடையை நான் இங்கே எழுதமாட்டேன், நடப்பு மேனுவலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறும் முறை:

கீழ் எல்லையிலிருந்து ஒரு கிரெய்ன் ஏற்றம். ஒவ்வொரு படிக்கும் நாலு தோட்டா, வலத்துக்கு 2, இடத்துக்கு 2. நாலைந்து படி போதும். இந்தக் கட்டத்தில் நுணுக்கம் தேடாதீர்கள், போக்கை மட்டும் பாருங்கள்: இடைவெளி படிக்குப்படி சுருங்குகிறதா? எந்தப் படியில் மூன்று, நாலு செ.மீ.க்கு வருகிறதோ அங்கே நின்று, அரை கிரெய்ன் மேலே, அரை கிரெய்ன் கீழே எட்டெட்டுத் தோட்டா நிரப்புங்கள். இரண்டு குண்டின் சராசரியை நம்பி முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள். எட்டிலேயே குழலுக்கு நாலுதான், அந்தச் சராசரிக்குக்கூட ஒரு செ.மீ. முன்பின் தடுமாற்றம் உண்டு.

திறக்கும்போது கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) சற்றே பிடித்தாலும் அழுத்தம் அதிகம் என்று நிறுத்துங்கள். போல்ட் ஆக்‌ஷனில் கைப்பிடியைத் தட்டி இழுத்துவிடலாம். டபுளில் முதல் இழுப்புக்கு அந்த நெம்பு பலம் கிடையாது, ஒட்டிய கேஸை அது கெஞ்சித்தான் எடுக்கும். பிரைமர் தட்டையாவதற்கு முன்பே இது தெரியும். மேனுவலின் மேல் எல்லைக்கு வந்தும் குழல்கள் சேரவில்லை என்றால் மேலே போகாதீர்கள். அது மருந்தால் தீராது, குண்டு எடையைக் குறைக்க வேண்டும். இலேசான குண்டுக்கு உதைப்பும் குறைவு, குழலில் இருக்கும் நேரமும் குறைவு. இரண்டுமே குழல்களைச் சேர்க்கும் திசைதான்.

#6 பேர்த்_துவக்கு

அண்ணை, மருந்தை மாத்த முதல் ஒண்டு கேக்கிறன்: துவக்கை எதில வைச்சுச் சுட்டனீங்கள்? லெட் ஸ்லெட் மாதிரி இரும்புச் சட்டத்தில பூட்டிச் சுட்டிருந்தா மேல எழுதின கணக்கு ஒண்டும் செல்லாது.

டபுள் துவக்கு உதைக்கவும் திரும்பவும் வேணும். அதை மறிச்சா ரெகுலேஷனே மாறும். எடையேத்தின சட்டத்தில .470-ஐ வைச்சா கைப்பிடிக்குப் பின்னால மரம் வெடிக்கவும் கூடும். குழலை நேரா மணல் பையில வைக்கிறதும் பிழை, கடினமான தாங்கலில இருந்து அது எகிறும்.

செய்ய வேண்டியது: நெஞ்சளவு உயர மேசை, நிண்டபடி சுடவேணும். இடக்கையால முன்கட்டையையும் குழலையும் சேர்த்துப் பிடியுங்கோ, காட்டில பிடிக்கிற மாதிரியே. அந்தக் கையின்ர புறப்பக்கத்தை மட்டும் மணல் பையில வையுங்கோ. முழங்கை ரெண்டும் மேசையில தாங்கலாம், உடம்பு பின்னுக்கு ஆட இடம் வேணும். முக்காலி ஸ்டிக்கும் நல்லது. பிடி இறுக்கமா, தளர்வா எண்டதும் மையத்தை நகர்த்தும். இறுக்கிப் பிடிச்சாத் திரும்பல் குறையும், தளர்த்தினாக் கூடும். ஒரு நாள் ஒரு பிடி, அடுத்த நாள் வேற பிடி எண்டா ரெண்டு நாள் அட்டையையும் ஒப்பிடேலாது.

#7 ஏழுபள்ளம்

ஸ்லெட் இல்லை. உட்கார்ந்து சுடும் பெஞ்ச், முன்கட்டை நேராகப் பையின்மேல்.

#8 பேர்த்_துவக்கு

அப்ப அந்த எட்டையும் ஒதுக்கி வையுங்கோ. நிண்டு திரும்பச் சுட்டுப்போட்டு மருந்தைத் தொடுங்கோ. 9 எண்டது 6 ஆகலாம், 11-ம் ஆகலாம்.

சுடுற ஒழுங்கும் முக்கியம். வலம், உடன இடம், பிறகு திறந்து வைச்சு ஆறவிடுறது. வலக்குழலை மட்டும் நாலு தரம் தொடர்ந்து சுட்டா அந்தப் பக்கம் சூடேறி நீளும். ரெண்டும் ஈயப்பத்தால ஒட்டினபடியா கட்டு முழுக்க இடப்பக்கம் வளையும், நாலாவது குண்டு முதலாவதோட நிக்காது. ஒரு சோடி முடிய, குழலைக் கையால தொட்டுப் பார்த்துச் சூடு தெரியாத அளவுக்குப் பொறுங்கோ. வெயில் நாளில அது பத்து நிமிசத்துக்கு மேல போகும். துவக்கை நிழலில வையுங்கோ.

#9 மணிப்பார்வை

ஒரு சின்ன மறுப்பு. சோதனை மேசையில் இரண்டு குழலிலும் தோட்டா போட்டுக்கொண்டு சுட வேண்டாம். முன் டிரிகர் அடிக்கும்போது விரல் வழுக்கிப் பின் டிரிகரில் விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். .470-ல் அது விளையாட்டல்ல. பழைய லாக்குகளில் சியர் (சுத்தியலைப் பிடித்து வைக்கும் கொக்கி) தேய்ந்திருந்தால் விரல் படாமலேயே இரண்டாவது அதிர்வில் விழுவதும் உண்டு. ஒன்றைப் போட்டுச் சுட்டு, திறந்து, மற்றதைப் போட்டுச் சுடுங்கள். இரண்டுக்கும் நடுவே பதினைந்து விநாடி போனால் சூட்டுக் கணக்கு கெடாது.

#10 தராசுத்தட்டு

ஏற்கிறேன், ஆனால் கடைசிச் சோதனையில் மட்டும் இரண்டையும் போட்டே ஆக வேண்டும், கிரிம்ப் (குண்டைப் பிடிக்க மடித்த கேஸ் வாய்) பிடிக்கிறதா என்று பார்க்க. வலக்குழல் உதைக்கும்போது இடக்குழலில் காத்திருக்கும் தோட்டாவின் கேஸ் துப்பாக்கியோடு பின்னால் போகிறது. குண்டு நிற்கப் பார்க்கிறது, அதாவது கேஸைவிட்டு முன்னால் நழுவப் பார்க்கிறது. இடக்குழலில் ஒரு தோட்டாவை நிரப்புவதற்கு முன் மொத்த நீளத்தை அளந்துகொள்ளுங்கள். வலக்குழலை இரண்டு முறை சுட்டபின் அதே தோட்டாவை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நீளம் கூடியிருந்தால் கிரிம்ப் போதவில்லை. குண்டின் கேனலூர் பள்ளத்தில் கேஸின் வாய் மடிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குக் கேஸ்கள் எல்லாம் ஒரே நீளத்துக்கு வெட்டப்பட்டிருக்க வேண்டும். நீளம் ஏறுக்குமாறாக இருந்தால் ஒன்று இறுகும், ஒன்று தளரும், வேகம் ஊசலாடும்.

#11 ஏழுபள்ளம்

ரீலோடர் 15 கேள்வியை விடவில்லை. உதைப்பு குறைவு என்கிறார்களே.

#12 தராசுத்தட்டு

குறைவுதான். அதே வேகத்துக்கு மருந்து எடை கணிசமாகக் குறையும். வாயிலிருந்து வெளியேறும் மருந்தின் எடையும் உதைப்பில் சேரும் என்பதால் தோளுக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் உதைப்பு குறைந்தால் திருப்பமும் குறையும். 4831-ல் எந்த வேகத்தில் குழல்கள் சேர்ந்தனவோ, அந்த வேகம் ரீலோடர் 15-க்குப் பொருந்தாமல் போகலாம், சற்றுக் குறைவான வேகத்திலேயே சேர்ந்துவிடலாம். 'வேகம் ஒன்றானால் ரெகுலேஷனும் ஒன்று' என்பது பாதி உண்மை.

அடுத்தது காலியிடம். .470 கேஸ் மூன்றேகால் அங்குல நீளம், கார்டைட் குச்சிகளுக்காகப் பிறந்தது. 4831 அதை ஏறக்குறைய நிரப்பிவிடும். ரீலோடர் 15 அவ்வளவு நிரப்பாது, மீதி காற்று. குழலைக் கீழே சாய்த்துவிட்டு நிமிர்த்திச் சுட்டால் மருந்து குண்டுப்பக்கம் ஓடியிருக்கும், மேலே தூக்கிவிட்டுச் சுட்டால் பிரைமர்ப்பக்கம். இதைக் குரோனோகிராஃபில் சோதிப்பது சுலபம்: ஒரே குழலில் மூன்று தோட்டா வாயைத் தாழ்த்திவிட்டு, மூன்று வாயை உயர்த்திவிட்டு. இரண்டு சராசரிக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் ஃபில்லர் (காலியிடத்தை அடைக்கும் பொருள்) இல்லாமல் அந்தத் தோட்டா ஆகாது.

#13 பேர்த்_துவக்கு

ஃபில்லருக்குக் கட்டட வேலைக்கு விக்கிற நுரைக்கயிறு இருக்கு, ஜன்னல் இடுக்கில அடைக்கிறது. இடைவெளியைவிடக் கொஞ்சம் நீளமா வெட்டி, குண்டு உக்காரேக்கை மெல்ல அமுங்கிற மாதிரி வையுங்கோ. தளர்வா விடக்கூடாது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில தனிய நிண்டு, முன்னால ஓடிக் குண்டின்ர அடியில மோதினாச் சேம்பரில (தோட்டா இருக்கிற அறையில) வளையம் விழும்.

மறக்கக்கூடாதது: ஃபில்லர் அழுத்தத்தைக் கூட்டும். ஃபில்லர் இல்லாமல் மேல் எல்லைக்குப் போன தோட்டாவுக்குள்ள நுரையைச் செருகாதேங்கோ. திரும்பக் கீழிருந்து ஏறவேணும்.

#14 மணிப்பார்வை

குரோனோகிராஃப் பற்றி: குழலில் கட்டும் காந்தப்பட்டை வகை டபுளுக்கு வேண்டாம், வாயில் எடை தொங்கினால் திருப்பமே மாறும். ஒளியுணரி வகை என்றால் வாயிலிருந்து 15 அடி தள்ளி வையுங்கள், கிட்ட வைத்தால் .470-ன் வாய்க்காற்று பொய் எண் காட்டும். ரேடார் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் வல வேகம், இட வேகம் இரண்டு பத்தியாக எழுதுங்கள். ஒரே தோட்டாவுக்கு இரு குழலும் வேறு வேறு வேகம் காட்டுவது சாதாரணம்.

பின்னால் ஸ்கோப் மாட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே மாட்டிவிட்டுச் சோதியுங்கள். எடை கூடினால் திருப்பம் மாறும், இந்த வேலையெல்லாம் மறுபடி.

#15 புதுத்தாள்

குறுக்கே ஒரு கேள்வி. 1920கள் துப்பாக்கி என்றால் பித்தளை, செம்புத் திடக்குண்டு சுடலாமா? பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் நன்றாகக் குரூப் ஆகும் என்கிறார்கள்.

#16 தராசுத்தட்டு

பழைய மெல்லிய குழலில் நான் பரிந்துரைக்கமாட்டேன். ஈயம் அடைத்த மென்குண்டு ரைஃபிளிங் மேடுகளுக்கு வழிவிடும், திடக்குண்டு அவ்வளவாக விடாது. விளைவைக் கண்ணால் பார்க்கலாம்: குழலின் வெளிப்புறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், உள்ளே ஓடும் மேடுகளின் சுருள் வெளியே மெல்லிய வரிகளாகத் தெரியும். மேல்பூச்சின் பளபளப்பு வரிவரியாக உடைந்து காட்டும். வந்துவிட்டால் திரும்பாது. பட்டைபட்டையாகக் கடைந்த திடக்குண்டுகளில் மேடு கடிக்கும் பரப்பு குறைவு, அவை சற்றுத் தேவலை. தவிர அதே எடையில் செம்புக்குண்டு நீளமானது, கேஸுக்குள் ஆழமாக இறங்கி மருந்தின் இடத்தைத் தின்னும். ஈயக்குண்டின் மருந்து அளவை அதற்கு வைக்கக்கூடாது.

எந்தக் குண்டானாலும் முதலில் குழலை ஸ்லக் செய்யுங்கள். சுத்த ஈய உருண்டை ஒன்றை எண்ணெய் தடவி, பித்தளைக் கம்பியால் முழு நீளமும் தள்ளி, மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். இரண்டு குழலுக்கும் தனித்தனியாக. .470 என்று பெயர் இருந்தாலும் குண்டு .474 அங்குலம். பள்ளத்தின் அளவைவிடக் குண்டு பெரிதாக இருக்கக்கூடாது. இழையைத் தொடங்கியவரின் புனைபெயரைப் பார்த்தால் ஏழு பள்ளம் என்று தெரிகிறது: ஒற்றைப்படைப் பள்ளத்தில் மேட்டுக்கு எதிரே பள்ளம் வரும், சாதா மைக்ரோமீட்டர் குறைவாகக் காட்டும். வி-அன்வில் மைக்ரோமீட்டர் தேவை.

(இந்த .470, .465, .475 என்ற விசித்திர எண்களெல்லாம் நம் ஊரால் வந்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் .450 துப்பாக்கிகளுக்குத் தடை வந்ததும், பிரிட்டிஷ் கம்பெனிகள் சற்று முன்பின்னாக வேறு அளவுகளைச் செய்து தள்ளின.)

#17 புதுத்தாள்

நன்றி ஐயா. அப்படியே, தமிழ்நாட்டில் பரம்பரை டபுள் வைத்திருப்பவர் வீட்டிலேயே நிரப்பலாமா?

#18 மணிப்பார்வை

கூடாது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் தோட்டா தயாரிக்க உரிமம் அல்ல. 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவு, தயாரிப்புக்குத் தனி உரிமம். இந்த இழையில் பேசுவது ரீலோடிங் அனுமதிக்கப்பட்ட நாடுகளுக்கு.

#19 ஏழுபள்ளம்

நின்று சுட்ட அட்டை. அதே தோட்டா, ஒவ்வொன்றாக நிரப்பி, சோடிக்குச் சோடி ஆறவிட்டு.

வலம் சராசரி: பக்கவாட்டு +3.5, உயரம் +3
இடம் சராசரி: பக்கவாட்டு −3.5, உயரம் +6

இடைவெளி 7 ஆகிவிட்டது. ஆனால் இடக்குழல் 3 செ.மீ. உயரமாக அடிக்கிறது. மருந்தைக் கூட்டினால் இதுவும் சேருமா?

#20 தராசுத்தட்டு

பக்கவாட்டு சேரும். இரு குழலுக்கும் நடுவே உள்ள உயர வித்தியாசம் சேராது. மருந்தை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அது உண்மையான வித்தியாசம் என்றால் வாயில் குழல்களுக்கு நடுவே இருக்கும் ஆப்பை உருக்கி நகர்த்த வேண்டும், ரெகுலேட்டர் வேலை. 50 கெஜத்தில் 3 செ.மீ.க்காக அதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

ஆனால் அதற்குமுன் ரிப்பை (குழல்களுக்கு நடுவே பற்றவைத்த பட்டை) சோதியுங்கள். குழல்களை மட்டும் கழற்றி, லம்ப்பின் (குழலின் அடியில் உள்ள கட்டை) கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, மறுகையின் விரல் முட்டியால் தட்டுங்கள். மணிபோல் இழுத்து ஒலித்தால் பற்று நன்றாக இருக்கிறது. பானை உடைந்த மாதிரி மொத்தையாகக் கேட்டால் ரிப் எங்கோ விட்டிருக்கிறது. அந்த நிலையில் எந்தத் தோட்டாவும் ஒழுங்காக அடிக்காது, சோதித்துப் பயனுமில்லை.

#21 ஏழுபள்ளம்

தட்டினேன், நன்றாக ஒலிக்கிறது. முன்மணி (முன்பார்வைக் குறி) குட்டையோ என்று சந்தேகம், எல்லாமே உயரமாகத்தானே விழுகிறது. அதை மாற்றிவிட்டு ஏறத் தொடங்கட்டுமா?

#22 மணிப்பார்வை

மணியை இப்போது தொடாதீர்கள். வேகம் ஏறும்போது உயரம் தானே இறங்கலாம். ஏற்றம் முடிந்து, எட்டுக் குண்டு அட்டை கையில் வந்தபின் மிச்சம் உள்ள உயரத்தைப் பார்வைத் தூரத்தால் பெருக்கி, சுட்ட தூரத்தால் வகுங்கள். பின்பார்வைக்கும் மணிக்கும் 50 செ.மீ., மிச்சம் 5 செ.மீ. என்றால் 50 கெஜம் 4,572 செ.மீ., விடை அரை மில்லிமீட்டர்சொச்சம். அவ்வளவு உயரமான மணி, அல்லது பின்பார்வையின் வி-வெட்டை அவ்வளவு ஆழப்படுத்துவது. அரத்தை எடுத்தால் மூன்று இழுப்புக்கு ஒரு தடவை சுட்டுப் பாருங்கள், அரை மில்லிமீட்டர் சீக்கிரம் போய்விடும்.

#23 பேர்த்_துவக்கு

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, கூடினாப் பதினாறு வெடி. அதுக்கு மேல தோள் பயப்படும், பயந்த தோள் விசையை இழுக்கும், அட்டையில வாறது மருந்தின்ர பிழை மாதிரித் தெரியும். நாலு படிக்குப் பதினாறு தோட்டா, ஒரு நாள். எட்டுக் குண்டு அட்டையள் வேற நாள்.